கையுறைக்குள் ஒளித்த கை: விக்டோரியா காலத்துக் கிராமத்துப் பெண் எதற்கு ஆசைப்பட்டாள்?

1860 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்த 27 வயதுப் பெண், அன்றைக்குச் செய்த வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். ஜன்னல் கதவுகளைத் திறந்தது, அடுப்பு மூட்டியது, கரித்துணிகளை உதறியது, அறைகளையும் கூடத்தையும் பெருக்கித் தூசி தட்டியது, காலைச் சாப்பாட்டை மேலே கொண்டுபோனது, 2 ஜோடி பூட்ஸ் துடைத்தது, படுக்கைகளைச் சரிசெய்தது, ராத்திரி மூத்திரச் சட்டிகளைக் கொட்டிக் கழுவியது, பாத்திரம் தேய்த்தது, வெள்ளிச் சாமான் துலக்கியது, கத்திகளைத் துலக்கியது, மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு செய்தது, அப்புறம் மண்டி போட்டுத் தரையைத் தேய்த்தது. பட்டியல் இப்படியே இரவு வரைக்கும் போகிறது. அதில் புலம்பல் கிடையாது, பெருமூச்சு கிடையாது.

எழுதியவர் ஹன்னா கல்விக். ஷ்ராப்ஷையர் மாவட்டத்தில் ஷிஃப்னல் என்ற சிறிய ஊரில் 1833-இல் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் செய்கிறவர், அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வீட்டு வேலை பார்த்தவர். 8 வயதோடு படிப்பு முடிந்து வேலை ஆரம்பித்துவிட்டது. 14 வயதில், சில மைல் தூரத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, இரண்டு வார இடைவெளியில் அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். வீட்டுக்குப் போய் வர அனுமதி கிடைக்கவில்லை.

விக்டோரியா காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பியானோ, தேநீர், கவர்னஸ் (பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லும் ஆசிரியை), யாருக்கு யாரோடு கல்யாணம் என்கிற கவலை. அந்த அறையின் கணப்பை விடியற்காலையில் மூட்டியவள் கிராமத்திலிருந்து வந்தவள் என்பதும், அவளுக்கும் ஏதோ ஆசை இருந்திருக்கும் என்பதும் அந்தக் காட்சியில் வருவதே இல்லை. அந்த ஆசை என்னவாக இருந்தது, எது வரைக்கும் போக விட்டார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நான் படித்தவரையில் எனக்குத் தோன்றுவது இது: அவளுக்குக் கதவுகள் இல்லாமல் இல்லை. வேலையை மாற்றிக்கொள்ளலாம், சம்பளத்தை உயர்த்திக்கொள்ளலாம், பரீட்சைகூட எழுதலாம். ஆனால் ஒவ்வொரு கதவிலும் யாரோ ஒருவர் நின்று அவள் கையைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள், நீ எந்த வாசல் வழியாக வர வேண்டியவள் என்று ஞாபகப்படுத்தினார்கள்.

முதலில் ஊரை விட்டு ஏன் போனாள் என்பது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இங்கிலாந்து, வேல்ஸில் நகரங்களில் இருந்தவர்களின் எண்ணிக்கை கிராமங்களில் இருந்தவர்களை முதல் தடவையாகத் தாண்டியது. பண்ணைக் கூலியின் வீடு என்பது ஒன்றிரண்டு அறைகள்தான். அதில் வரிசையாகப் பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு 12, 13 வயது ஆனதும் அவள் படுத்த இடம் அடுத்தவர்களுக்கு வேண்டும், அவள் சாப்பிடும் சாப்பாடும் வேண்டும். ஊரிலேயே இருந்தால் வயல்வேலை. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலப் பகுதிகளில் ஒரு மேஸ்திரியின் கீழ் பெண்களையும் பிள்ளைகளையும் கும்பலாகச் சேர்த்து, பண்ணை பண்ணையாகக் களையெடுக்கவும் கல் பொறுக்கவும் கூட்டிப் போவார்கள். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அந்தக் கும்பல்களில் சேர்க்கக் கூடாது, ஆணும் பெண்ணும் கலந்த கும்பல் கூடாது என்று சட்டம் வந்ததே 1867-இல்தான். அந்தச் சட்டத்துக்கு முன்னால் நடந்த விவாதங்களில் குளிரையும் முதுகுவலியையும் விட, வயலில் வேலை செய்கிற பெண் ‘ஒழுக்கம் கெட்டவள்’ ஆகிவிடுவாள், நல்ல வீட்டு வேலைக்காரியாக மாட்டாள் என்ற கவலைதான் ஓங்கி ஒலித்தது. கிராமத்துப் பெண் எதற்காகப் பிறந்தவள் என்பதில் மேல்தட்டுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதனால் வீட்டு வேலை. நூற்றாண்டின் நடுவிலேயே பிரிட்டனில் வீட்டு வேலைக்காரர்கள் 10 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், அதில் மிகப் பெரும்பான்மை பெண்கள். 1881 வாக்கில் 15 முதல் 20 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி இந்த வேலையில் இருந்தாள். போவது சில ஊர்களில் ஆள் எடுக்கும் சந்தை வழியாக. ஆண்டுக்கு ஒரு தடவை கூடும் சந்தையில் வேலை வேண்டுபவர்கள் வரிசையாக நிற்பார்கள், வீட்டு வேலை தேடும் பெண் கையில் தரை துடைக்கும் துடைப்பத்தைப் பிடித்திருப்பாள், எஜமானர் வந்து பார்த்துப் பேசி ஒரு ஷில்லிங்கைக் கையில் வைத்தால் அந்த வருஷத்துக்கு ஒப்பந்தம் ஆன மாதிரி. மற்ற ஊர்களில் பாதிரியார் மனைவி சொல்லி அனுப்பும் இடம், அல்லது ஏற்கெனவே வேலைக்குப் போன அக்கா சொல்லும் இடம். எப்படிப் போனாலும், காலைக்கு அச்சுத்துணிக் கவுன், மத்தியானத்துக்கு மேல் கறுப்புக் கவுன், தொப்பி, ஏப்ரன் எல்லாம் அவளே தைத்துக் கொண்டுபோக வேண்டும். அந்தத் துணி வாங்குவதற்காகவே ஓரிரு வருஷம் பக்கத்தில் எங்காவது சொற்பக் கூலிக்கு எடுபிடியாக இருந்துவிட்டு, அப்புறம் ஒரு தகரப் பெட்டியோடு பெரிய வீட்டுக்குப் போனவர்கள் நிறைய.

இதைக் கேட்டால் ஆசைக்கு இடமே இல்லாத வாழ்க்கை என்று தோன்றும். அப்படி நினைப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். வீட்டுக்குள்ளேயே ஓர் ஏணி இருந்தது, அதில் ஏறத் துடித்தவர்கள் இருந்தார்கள். 1861-இல் வெளிவந்து எங்கும் பரவிய இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாகக் கையேட்டில் வருஷச் சம்பளங்கள் போட்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு 5 முதல் 9 பவுண்டு. வீட்டை ஒழுங்குபடுத்தும் பெண்ணுக்கு 12 முதல் 20. சமையற்காரிக்கு 14 முதல் 30. சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கும் தலைமை நிர்வாகிக்கு 20 முதல் 45. அடியிலிருந்து உச்சிக்குப் போனால் ஐந்து மடங்கு. பெரிய மாளிகைகளில் அந்த மேல்படிக்கு வந்த பெண்ணை, கல்யாணம் ஆகாதவளாக இருந்தாலும், ‘மிஸஸ்’ போட்டுத்தான் கூப்பிட வேண்டும். மேல்நிலைப் பணியாளர்கள் இறைச்சி வரைக்கும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இனிப்புக்கு மட்டும் எழுந்து தனி அறைக்குப் போவார்கள். கீழ்த்தளத்திலேயே ஒரு மேல்தளம். வர்க்கம் என்பது எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் நடுவில் இருந்த ஒற்றைக் கோடு என்று நினைத்தால் அந்தச் சமூகம் புரியவே புரியாது. கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு.

ஆனால் அந்த மாளிகை ஏணி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பெரும்பாலான பெண்கள் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு வேலைக்காரி வைத்திருக்கும் வீட்டுக்கு, குமாஸ்தா வீடோ சின்னக் கடைக்காரர் வீடோ. அங்கே சமையல், துணி, பிள்ளை, கரி, வாசல் எல்லாம் அவள் தலையில். அந்த ஒற்றையாள் வேலைக்காரியைப் பற்றி எழுதும்போது மட்டும் பீட்டன் அம்மையாரே கொஞ்சம் இறங்கி வருகிறார். தன் வகையினரில் இரக்கப்படத் தக்கவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும், தனிமையான வாழ்க்கை, சில இடங்களில் வேலை முடிவதே இல்லை என்கிறார். அந்த வீடுகளுக்கு ஒரு வேலைக்காரி ஏன் அவ்வளவு அவசியம்? வேலைச் சுமை ஒரு காரணம்தான். வேலைக்காரி வைத்திருப்பதுதான் தாங்கள் நடுத்தர வர்க்கம் என்பதற்கு அத்தாட்சி. கதவைத் திறக்க ஒருத்தி இருந்தால்தான் அந்த வீட்டு அம்மாள் ‘லேடி’. அவளைக் கீழே வைத்துத்தான் இவள் மேலே நின்றாள். அந்தப் பதற்றம் எவ்வளவு என்றால், 1850-களில் பஞ்ச் என்ற நகைச்சுவைப் பத்திரிகை வேலைக்காரிகள் எஜமானி மாதிரி உடுத்துவதைக் கிண்டல் செய்து படம் படமாகப் போட்டது. அந்தப் பெண் தன் சொந்தக் காசில் ஒரு வளைய உள்பாவாடை வாங்கிக்கொண்டதற்கு ஒரு நாடே சிரித்தது.

ஏணியை ஒரே நிமிஷத்தில் இழுத்துப்போடும் கயிறும் எஜமானியின் கையில்தான் இருந்தது: நற்சான்றுக் கடிதம். வேலையை விட்டுப் போகும்போது பழைய எஜமானி எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம், அது இல்லாமல் அடுத்த வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஹன்னா இளம் வயதில் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஒரு பெரிய மாளிகையின் சமையற்கட்டில் கீழ்நிலை வேலையில் இருந்தார். எட்டு மாதம் ஆகியிருந்தது. தேய்க்க வேண்டிய கெண்டிகள் பதினைந்து பதினாறு கிடந்தன, கூட இருந்த பெண்ணோடு விளையாடிக்கொண்டே தேய்த்தார், அதை எஜமானி பார்த்துவிட்டார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. கெண்டி தேய்க்கப்படவில்லை என்பதல்ல புகார், தேய்க்கும்போது சிரித்துவிட்டார்கள். பல வீடுகளில் புதிதாக வருகிற பெண்ணின் பெயரையே மாற்றிவிடுவார்கள். எஜமானியின் மகளுக்கு அதே பெயர் இருந்தாலோ, பெயர் கொஞ்சம் நாகரிகமாக இருந்தாலோ, இனி நீ மேரி. போன வருஷம் இருந்தவளும் மேரிதான்.

சரி, வீட்டு வேலை வேண்டாம் என்று நினைத்த பெண்ணுக்கு வேறு என்ன வழி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். டார்செட் மாவட்டத்தில் 1813-இல் பிறந்த ஜெமைமா ஹேண்ட் என்ற பெண், சின்ன வயதில் ஊர் நிவாரணப் பணத்தில் வளர்ந்தவர், பிறகு வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போனவர், நிறையப் படித்தவர். அவருடைய ஆசை லண்டனில் ஒரு கிளப்பில் சமையற்காரியாக வேண்டும் என்பது. எவ்வளவு துல்லியமான ஆசை பாருங்கள். ராஜகுமாரன் வருவான் என்பதில்லை, சம்பளமும் மதிப்பும் உள்ள ஒரு குறிப்பிட்ட அடுப்படி. அது நடக்கவில்லை. ஊரில் ஒரு கொத்தனாரைப் பார்த்தார், 1839 டிசம்பரில் கல்யாணம், 1840 ஜூனில் மூத்த பிள்ளை. அந்தப் பிள்ளைதான் எழுத்தாளர் தாமஸ் ஹார்டி. ஜெமைமா தன் ஆசையை அப்படியே புதைத்துவிடவில்லை, பிள்ளைகள் மேல் இறக்கினார். மகள்கள் மேரி, கேட் இருவரும் ஸால்ஸ்பரியில் இருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்து பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள். அம்மா ஆசைப்பட்டது அடுப்படி, மகள்களுக்குக் கிடைத்தது கரும்பலகை. ஒரே தலைமுறையில் இது எப்படி நடந்தது?

1846-இல் அரசு கொண்டுவந்த மாணவ ஆசிரியர் திட்டம்தான் காரணம். கே-ஷட்டில்வர்த் என்ற கல்வி அதிகாரியின் முயற்சி அது. 13 வயதில் சேரலாம், ஐந்து வருஷம், பகலில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்த வேண்டும், அதற்கு முன்னாலோ பின்னாலோ தலைமை ஆசிரியரிடம் தான் படிக்க வேண்டும். முதல் வருஷம் 10 பவுண்டு, ஐந்தாம் வருஷம் 20. முடிவில் ராணியின் உதவித்தொகைப் பரீட்சை, அதில் தேறினால் பயிற்சிக் கல்லூரி. ஒரு கொத்தனார் மகளுக்கோ தச்சர் மகளுக்கோ, யார் சிபாரிசும் நம்பாமல் பரீட்சை மதிப்பெண்ணால் மேலே போக முடிந்த ஒரு பாதை. வீட்டை விட்டுப் போகாமலே சம்பளம், கூடவே படிப்பு. இதன் அருமையைக் குறைத்துச் சொல்லவே கூடாது. நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்களே பெரும்பான்மை.

ஆனால் அந்தப் பாதையிலும் வேலி இருந்தது. முதலில், சேணம் செய்பவர் மகள் சேரலாம், பண்ணைக் கூலியின் மகளுக்கு அது எட்டாத உயரம், ஐந்து வருஷம் அவள் சம்பளம் அவ்வளவு குறைவாக இருப்பதை அந்தக் குடும்பம் தாங்காது, போட்டுக்கொள்ள நல்ல துணியும் இருக்காது. அடுத்தது பள்ளிக்கூடமே. 1862-இல் வந்த விதிகளின்படி பிள்ளைகள் எழுத்து, வாசிப்பு, கணக்கில் தேறுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம், பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கட்டாயம். ஆண்பிள்ளை கணக்கு போடும் நேரத்தில் இவள் சட்டைக்கு மடிப்புத் தைக்கிறாள். கல்லூரிக்குப் போனாலும் விடவில்லை. 1841-இல் செல்ஸியில் தொடங்கிய வைட்லண்ட்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் மாணவிகள் துவைப்பதும் பெருக்குவதும் பயிற்சியின் பகுதியாகவே இருந்தன. செலவு மிச்சம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவளுக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்ற கவனம். மேல்தட்டு இளைஞன் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அவனுக்குத் தலைக்கனம் வரக் கூடாது என்று யாரும் துணி துவைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி ஆசிரியையாக நின்றபோது என்ன ஆனாள்? பள்ளியை ஒட்டிய சின்ன வீடு, நிரந்தரச் சம்பளம், புத்தகங்கள். கூலிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இவள் ‘டீச்சரம்மா’, இனிமேல் அவர்களில் ஒருத்தி இல்லை. பாதிரியார் வீட்டுப் பெண்களுக்கு இவள் இன்னும் கொத்தனார் மகள்தான், தேநீருக்குக் கூப்பிட்டால்கூட இவள் கூடவே அந்தத் தயக்கமும் வந்து உட்காரும். யாரோடு பேசுவது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது? மேரி ஹார்டி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டும் இல்லை. அண்ணன் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1891-இல் வந்த அவருடைய டெஸ் நாவலில் அந்தக் கிராமத்துப் பெண் லண்டனில் பயிற்சி பெற்ற ஆசிரியையிடம் ஆறாம் வகுப்பு தேறியவள், அவளுக்கு இரண்டு பேச்சு உண்டு, வீட்டில் வட்டார வழக்கு, வெளியில் படித்தவர்களின் ஆங்கிலம். நாக்கை இரண்டாகப் பிளந்துகொண்டு வாழ்வது என்ன என்பது தெரிந்தவர் எழுதியது.

இதே நேரத்தில் மேலிருந்து ஒரு வேடிக்கையான நகர்வும் நடந்தது. வசதி குறைந்த நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு வேலை வேண்டும், அவர்கள் தொடக்கப் பள்ளிக்கு வரட்டும் என்று லூயிசா ஹப்பர்ட் என்பவர் 1870-களில் பாடுபட்டார். அவர் முயற்சியில் சிச்செஸ்டரில் பிஷப் ஆட்டர் கல்லூரி 1873-இல் மறுபடி திறக்கப்பட்டது, ‘லேடி’கள் பயில்வதற்காக. அதே தொழில், அதே பள்ளி, அதே பிள்ளைகள். படிப்பதற்கு மட்டும் தனிக் கல்லூரி, கொத்தனார் மகள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. கவர்னஸ் வேலையின் கதையும் இதுதான்: பிரெஞ்சும் பியானோவும் தெரிந்தாலும் போதாது, பிறப்பிலேயே லேடியாக இருக்க வேண்டும், அதனால் கிராமத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு இருந்ததே இல்லை. புதிதாகத் திறந்த கதவுகள்? 1870-இல் தபால் துறை தந்தியைத் தன் கையில் எடுத்து நிறையப் பெண்களை வேலைக்கு வைத்தது. மறு வருஷம் அத்துறையின் உயர் அதிகாரி ஸ்கூடமோர் ஏன் பெண்களை எடுப்பது லாபம் என்று அறிக்கையில் விளக்கினார். கீழ்த்தட்டு ஆண்களை மட்டுமே இழுக்கும் அதே சம்பளத்துக்கு மேல்தட்டுப் பெண்கள் வருவார்கள், அவர்கள் ஆண்களைவிட நன்றாக, எழுத்துப்பிழை குறைவாக எழுதுவார்கள் என்பது அவர் வாதம். அரசாங்க அறிக்கையில் இவ்வளவு பச்சையாக எழுத முடிந்திருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண்ணை மலிவாக வாங்கலாம். வட்டார வழக்கு நாக்கில் ஒட்டிய பெண்ணுக்கு அந்த மேஜையில் இடமில்லை.

உதவி செய்ய வந்தவர்களும் கோட்டை அழிக்கவில்லை. 1875-இல் தொடங்கிய பெண்கள் நட்புச் சங்கம் ஊர்விட்டு ஊர் போன வேலைக்காரப் பெண்களுக்குத் தங்குமிடம், துணை எல்லாம் தந்தது, நிஜமாகவே பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் சங்கத்துக்குள்ளேயே மேல்தட்டுப் பெண்கள் ‘துணைவர்கள்’, வேலைக்காரப் பெண்கள் ‘உறுப்பினர்கள்’. நடத்தையில் களங்கம் வந்த பெண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அதன் மைய விதிகளில் ஒன்று. களங்கம் எங்கிருந்து வந்தது என்று அந்த விதி கேட்கவில்லை. ஆண் நண்பர்கள் வரக் கூடாது என்று எஜமானி தடை போட்ட அதே வீட்டில், எஜமானனோ அவர் மகனோ மாடிப்படியில் மறித்தால் அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. 1834 ஏழைகள் சட்டம் கல்யாணமாகாத தாயின் குழந்தைக்கான பொறுப்பைத் தாய் தலையிலேயே கட்டியது, பின்னாளில்தான் அது கொஞ்சம் தளர்ந்தது. லண்டன் அநாதைக் குழந்தைகள் காப்பகத்துக்குத் தன் குழந்தையை எடுத்துக்கொள்ளச் சொல்லி மனு கொடுத்த தாய்மாரில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள்தான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஹன்னாவிடம் திரும்பினால்தான் அவர் செய்தது விளங்கும்.

1854-இல், அவருடைய 21-ஆவது பிறந்தநாளன்று, லண்டன் தெருவில் ஆர்தர் மன்பி என்பவரைச் சந்தித்தார். யார்க்கில் வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர், கவிதை எழுதுபவர். உடல் உழைப்பு செய்யும் பெண்கள் மேல் அவருக்கு ஓயாத ஈர்ப்பு. சுரங்க வாசலில் நிலக்கரி சலிக்கும் பெண்கள், மீன்காரிகள், பால்காரிகள் என்று தேடித் தேடிப் பேசிக் குறிப்பெடுத்தார், படம் எடுக்க வைத்தார். முக்கியமாக அவர் கவனித்தது கைகளை. எவ்வளவு அகலம், எவ்வளவு சிவப்பு, தோல் எவ்வளவு தடித்திருக்கிறது. ஹன்னாவும் அவரும் 19 வருஷம் ரகசியமாகப் பழகினார்கள். நாட்குறிப்பு எழுதச் சொன்னவரும் அவர்தான், எழுதி அவருக்கு அனுப்பினார். ஹன்னா அவரை அடிமை எஜமானை அழைப்பது போல அழைத்ததும், கழுத்தில் சங்கிலியும் பூட்டும் போட்டுக்கொண்டதும், கரியைப் பூசிக்கொண்டதும் எல்லாம் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன. இதை இனிய காதல்கதை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாட்குறிப்பை வாசிக்கும்போது, இது ஒரு குறிப்பிட்ட ஆண் வாசிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது என்பதை மறக்கவும் கூடாது. ஆனால் அவரை வெறும் பலியாள் என்று ஒதுக்குவதற்கும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அடுத்து அவர் எடுத்த முடிவுகள் அப்படிப்பட்டவை.

19 வருஷத்தில் அவர் சமையற்காரியாகவோ மாளிகையின் மேல்படியிலோ போய் நின்றிருக்கலாம். வேண்டுமென்றே கீழ்நிலை வேலைகளைத் தேடிப் போனார். தங்கும் விடுதிகளில் எல்லா வேலையும் பார்க்கும் ஆளாக இருந்தால் மேற்பார்வை குறைவு, வெளியே போய் வரலாம். 1873 ஜனவரியில் மன்பி கல்யாண உரிமத்தை வாங்கிவந்து காட்டியபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்தக் காகிதமும் கல்யாணமும் தனக்குப் பெரிதில்லை என்று எழுதியிருக்கிறார். ஏன் என்பதற்கு அந்தக் காலத்துச் சட்டத்தையே பார்க்கலாம். கல்யாணமான பெண்ணின் சொத்து கணவனுடையது. அவள் சம்பாதிக்கும் கூலியாவது அவளுக்குச் சொந்தம் என்று ஆனதே 1870-இல்தான், மற்ற சொத்துரிமை 1882 வரைக்கும் வரவில்லை. 1857 விவாகரத்துச் சட்டப்படி மனைவி தவறினாள் என்று காட்டினாலே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அதோடு கொடுமையையோ கைவிட்டுப்போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வேலைக்காரி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். மனைவிக்கு நோட்டீஸ் கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறகு லண்டனின் டெம்பிள் பகுதியில், வழக்கறிஞர்கள் தங்கும் அறைகளில், மன்பியோடு குடியிருந்தார். வெளியுலகுக்கு அவர் மன்பியின் வேலைக்காரி. நண்பர்கள் வந்தால் பரிமாறுவார், வந்தவர்களுக்கு இவர் யார் என்று தெரியாது. மன்பிக்கோ, மாலையில் அவர் லேடியாக உடுத்தி மேலே வந்து உட்கார வேண்டும் என்ற ஆசை. அந்த வருஷம் இருவரும் பிரான்ஸ் போனபோது ஹன்னா லேடியாகவே பயணம் செய்தார். தொப்பி, முகத்திரை, கையுறை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இங்கேதான் அந்தக் கை. பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம், நடையைப் பழகிக்கொள்ளலாம், கவுனை வாங்கிக்கொள்ளலாம், பல வருஷமாகச் சலவைச் சோடாவிலும் குளிர்ந்த தண்ணீரிலும் கரியிலும் ஊறித் தடித்த கையை மட்டும் மாற்ற முடியாது. மூடிக்கொள்ளத்தான் முடியும். ஒரு ஜோடி கையுறை கழன்றால் போதும், விருந்து மேஜையில் அத்தனை பேருக்கும் அவர் பிறந்த ஊர் தெரிந்துவிடும்.

அவரோ அந்த மூடலையே வெறுத்தார். லேடியாக இருப்பது அடைபட்டுக் கிடப்பது மாதிரி இருக்கிறது, வேலைக்காரியாக இருந்தால் எங்கும் போகலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்குப் பிறகும் தன் சேமிப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். உயர்ந்த இடத்துக் கணவன், சட்டப்படியான கல்யாணம், கையில் கையுறை: அந்தக் காலத்துக் கதைகள் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத் தரக்கூடிய உச்சபட்சப் பரிசு அத்தனையும் அவர் முன்னால் இருந்தது, அதை வேண்டாம் என்றார். அவருக்கு ஆசையே இல்லை என்று சொல்வது தப்பு. மேலே ஏறினாலும் ஒளித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஓர் இடத்துக்கு அவர் ஆசைப்படவில்லை. தானே சம்பாதித்த காசு, தான் நினைத்தபோது வெளியே போகும் உரிமை, ஒளிக்காத கை, இவைதான் அவர் கேட்டவை.

1877-இல் டெம்பிளை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பின் இருவரும் ஒரே வீட்டில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழவில்லை. ஹன்னா ஷ்ராப்ஷையர் பக்கம் திரும்பிப் போனார், மன்பி அவ்வப்போது வந்து பார்த்தார். 1909 ஜூலையில் ஹன்னா இறந்தார், அடுத்த ஜனவரியில் மன்பி இறந்தார். அவருடைய உயில் வெளியே வந்தபோதுதான் 36 வருஷக் கல்யாணம் ஊருக்குத் தெரிந்தது. காகிதங்களையும் படங்களையும் டிரினிட்டி கல்லூரிக்கு விட்டுப் போயிருந்தார், 1950 வரைக்கும் பெட்டிகளைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. திறந்தபோது ஹன்னாவின் நாட்குறிப்புகளும் உள்ளே இருந்தன. காதல், கோபம், கடவுள், தெருவில் பார்த்த கூட்டம் எல்லாம் அவற்றில் வருகின்றன. கூடவே, அந்த மாதத்தில் மொத்தம் எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தேன் என்ற கணக்கும்.